இரும்புக் கோளில் ஊர் அமைத்தால் எது விலை ஏறும்?

நாசாவின் சைக்கி விண்கலம் 2023 அக்டோபர் 13 அன்று கிளம்பியது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும், அதே பெயர் கொண்ட சிறுகோளை 2029-ல் அது எட்ட வேண்டும். கிளம்பியதற்கு முன்பிருந்தே ஒரு எண் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிறுகோளில் உள்ள உலோகத்தின் மதிப்பு, ஒன்றுக்குப் பின்னால் 19 சைபர் போட்ட டாலராம். அதைப் படித்தவர்களுக்கு அடுத்த கேள்வி தானாக வருகிறது: இப்படி உலோகம் மலிந்த ஒரு கோளில் மனிதர்கள் குடியேறினால், அங்கே பிறக்கிற பிள்ளைகூடக் கோடீஸ்வரன்தானே? காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பள்ளிக் கண்காட்சிகளில் பிள்ளைகள் அட்டையில் செய்து வைக்கும் வேற்றுக்கோள் ஊர்களிலும் சுரங்கம்தான் நடுவில் இருக்கும். தண்ணீர்த் தொட்டி ஒரு மூலையில் கிடக்கும்.

அந்த இரண்டையும் இடம் மாற்றி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உலோகம் மிகுந்த கோள் என்றால் என்ன

ஒரு கோள் எதனால் ஆனது என்று தொலைவிலிருந்து சொல்ல முதல் வழி அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் பொருள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. தண்ணீர் 1, சாதாரணப் பாறை 3-க்குப் பக்கம், இரும்பு 7.9. பூமியின் சராசரி 5.5. பாறையைவிட அதிகம், இரும்பைவிடக் குறைவு. அதாவது உள்ளே நிறைய இரும்பு இருக்கிறது.

எவ்வளவு? பூமியின் மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரும்பு. ஆனால் நாம் தோண்டக்கூடிய மேலோட்டில் 5 சதவீதம்தான். பூமி உருகிய நிலையில் இருந்தபோது கனமான இரும்பு அடியில் இறங்கி மையக்கருவாகிவிட்டது. இரும்போடு சேரும் குணமுள்ள நிக்கல், தங்கம், பிளாட்டினம், இரிடியம் ஆகியவற்றையும் பெரும்பாலும் தன்னோடு இழுத்துக்கொண்டு போனது. மேலே மிதந்து நின்றது பாறை.

புதன் இதைவிட ஒரு படி மேல். அதன் ஆரம் 2,440 கிலோமீட்டர். அதில் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் உலோகக் கருதான். ஆனால் அதன் தரையை விண்கலம் சுற்றி வந்து அளந்தபோது மேற்பரப்பில் இரும்பு மிகக் குறைவு என்று தெரிந்தது. உலோகம் மிகுந்த கோளின் தரையில் உலோகம் இருக்கத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செய்தி படிக்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இது.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே 2021-ல் கண்டுபிடித்த தஹாய் என்ற கோள் 31 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதன் அடர்த்தி 10-க்கும் மேல், ஏறத்தாழ முழுக்க இரும்பு. தன் விண்மீனை எட்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும் அளவுக்கு ஒட்டி நிற்பதால், பகல் பக்கத்தில் பாறையே உருகும் சூடு. அங்கே குடியேற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சைக்கி சிறுகோளின் அடர்த்தியோ 4-க்குப் பக்கம்தான். அது முழு இரும்புக் கட்டி அல்ல. உலோகமும் பாறையும் கலந்தது. 19 சைபர் கணக்கு அதை முழு உலோகமாக எடுத்துக்கொண்டு, இன்றைய சந்தை விலையால் பெருக்கிப் போட்டது.

கரும்பொன்: நாம் வைத்துக்கொள்ளும் கோள்

பழந்தமிழில் பொன் என்றால் உலோகம் என்றும் பொருள் உண்டு. இரும்புக்குக் கரும்பொன் என்று பேர். நம் கற்பனைக் கோளுக்கு அதையே வைப்போம். அதன் அளவுகள்:

1. ஆரம் பூமியில் 0.8 பங்கு, சுமார் 5,100 கிலோமீட்டர்.
2. அடர்த்தி பூமியைப்போல் ஒன்றரை மடங்கு, 8.3.
3. ஈர்ப்பு, மேலே சொன்ன இரண்டையும் பெருக்கினால் வருவது: பூமியைப்போல் 1.2 மடங்கு. 60 கிலோ ஆள் அங்கே 72 கிலோ சுமப்பதுபோல் நடக்க வேண்டும். பிறந்தது முதல் சாகும்வரை இறக்கி வைக்க முடியாத 12 கிலோ சுமை.
4. விடுபடு வேகம், அதாவது கோளை விட்டுத் தப்ப வேண்டிய வேகம்: நொடிக்கு 11 கிலோமீட்டர். கோள் சிறியதாக இருந்தும் பூமியின் வேகமேதான் வேண்டும்.
5. காற்று: மெல்லிய கார்பன் டைஆக்சைடு. ஆக்ஸிஜனும் இல்லை, நைட்ரஜனும் இல்லை.
6. தரை: இரும்பு ஆக்சைடு நிறைந்த பாறை. சில சமவெளிகளில் பழைய காலத்தில் விழுந்த இரும்பு விண்கற்கள், நிக்கல் கலந்த வெறும் இரும்பாகவே கிடக்கின்றன.

ஆறாவது அம்சத்தில் உள்ள இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆக்சைடு என்பது ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிட்ட இரும்பு. காரைக்குடி வட்டாரச் செம்புறாங்கல் அந்தச் சாதி. அதன் சிவப்புக்கு இரும்பு ஆக்சைடுதான் காரணம். விண்கல்லில் இருப்பது இன்னும் ஆக்ஸிஜனைப் பார்க்காத இரும்பு. முன்னது குடியேறியவர்களைக் காப்பாற்றும். பின்னது அவர்கள் மூச்சுக்குப் போட்டியாக நிற்கும்.

மூச்சைத் தின்னும் சுவர்

கதிர்வீச்சிலிருந்து தப்ப நிலத்தடியில் குடைந்து வாழ்வதுதான் வழக்கமாகச் சொல்லும் யோசனை. விண்கல் இரும்பையே குடைந்து ஒரு கூடம் அமைத்தோம் என்று வைப்போம். சுவர் எஃகுபோல உறுதி, காற்று கசியாது. உள்ளே ஆக்ஸிஜன் நிரப்பி ஆட்களை விடுகிறோம். அவர்கள் மூச்சிலும் வியர்வையிலும் ஈரம் வருகிறது. துருப்பிடிக்க ஆக்ஸிஜனும் ஈரமும் போதும். இரண்டும் வந்தாயிற்று.

கணக்கு இது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 0.84 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். 1 கிலோ இரும்பு முழுக்கத் துருவாக மாறினால் 0.43 கிலோ ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்கிறது. அப்படியானால் சுவரில் 2 கிலோ இரும்பு துருப்பிடிக்கும்போது ஒரு ஆளின் ஒரு நாள் மூச்சு போய்விடுகிறது. நூறு அடி நீளக் கூடத்தின் சுவர் முழுக்க ஈரம் பட்டால் 2 கிலோ பெரிய விஷயமே இல்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். கப்பலில் நங்கூரச் சங்கிலியைச் சுருட்டி வைக்கும் அறை இப்படித்தான் ஆளைக் கொல்கிறது. மூடிக் கிடக்கும் அறையில் இரும்பு துருப்பிடித்து ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும். வாடையும் இருக்காது, புகையும் இருக்காது. இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்க இறங்கியவரும் விழுவார். அதனால்தான் காற்றை அளக்காமல் இறங்கக் கூடாது என்று விதி. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கப்பல் பட்டறை வேலை பார்த்துத் திரும்பியவர்களைக் கேட்டால் இந்தப் பாடத்தை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

மூடிய வீட்டில் காற்று கணக்கு தவறுவதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் 1991-ல் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடி வளாகத்தில் எட்டுப் பேரை உள்ளே விட்டு மூடினார்கள். பதினாறு மாதத்தில் ஆக்ஸிஜன் 21 சதவீதத்திலிருந்து 14-க்குப் பக்கம் இறங்கியது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனை எடுத்துக் கார்பன் டைஆக்சைடை விட்டன; அதைக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டதால் எங்கே போகிறது என்பதே உடனே பிடிபடவில்லை. செட்டிநாட்டு வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு கல்லாக இறுகுவதும் இதே வேதியியல்தான். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைக் குடித்துத்தான் அது இறுகுகிறது. திறந்த முற்றத்து வீட்டில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மூடிய கூட்டுக்குள் சுவரும் மூச்சு விடுகிற ஆள் மாதிரி, கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, தடுப்பது எப்படி?

1. காற்றை வறட்சியாக வைப்பது. ஈரப்பதம் குறைந்தால் துருவின் வேகம் வெகுவாகக் குறையும். ஆனால் ஆட்களின் தோலுக்கும் தொண்டைக்கும், செடிக்கும் அது ஆகாது.
2. துத்தநாகம் போன்ற வேறு உலோகத்தை இரும்போடு இணைத்து, இரும்புக்குப் பதில் அதை அரிக்க விடுவது. கடலில் நிற்கும் இரும்புக்கு இது கைகண்ட வழி. ஆனால் தண்ணீரோ ஈர மண்ணோ தொட்டுக்கொண்டிருந்தால்தான் மின்னோட்டம் ஓடும். காற்றுக் கூடத்தின் சுவருக்குப் பயன்படாது.
3. கண்ணாடிப் பூச்சு. எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தட்டும் தூக்குச்சட்டியும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். உள்ளே இரும்புத் தகடு; மேலே சூளையில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. பூச்சு முழுதாக இருக்கும் இடத்தில் எத்தனை வருஷம் ஆனாலும் இரும்பு அப்படியே இருக்கிறது. விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு, அதைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம். அந்தப் பொட்டின் வழியாகத் துரு பூச்சுக்கு அடியில் நுழைந்து பக்கத்துச் சில்லையும் தூக்கிவிடும். கரும்பொன் ஊரின் பராமரிப்பு வேலை என்பதே, கூடம் கூடமாக அந்தக் கறுப்புப் பொட்டைத் தேடிப் பூசுவதாகத்தான் இருக்கும்.

ஆக்ஸிஜனைக் கொஞ்சம் தாராளமாக நிரப்பிவிடலாமே என்றால், அதுவும் ஆபத்து. கேஸ் கட்டிங் செய்யும் பட்டறையில் பார்த்திருப்பீர்கள்: சூடேறிய இரும்பின்மேல் தூய ஆக்ஸிஜனைப் பாய்ச்சினால் இரும்பே எரிகிறது. 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 விண்கலக் கூண்டுக்குள் தூய ஆக்ஸிஜன் நிரம்பியிருந்ததால்தான் சிறு பொறி மூன்று வீரர்களின் உயிரைக் குடித்தது. ஆக்ஸிஜனோடு கலக்க நைட்ரஜன் வேண்டும். கரும்பொன்னில் அது கிடையாது.

கல்லை உடைத்துக் காற்று எடுப்பது

ஆக்சைடுப் பாறைக்கு வருவோம். துருப்பிடித்தபோது உள்ளே போன ஆக்ஸிஜனைத் திரும்ப வெளியே இழுக்க முடியும். அதற்கு மின்னாற்பகுப்பு என்று பேர்: ஒரு சேர்மத்தைக் கரைத்தோ உருக்கியோ வைத்து, இரண்டு மின்வாய்கள் வழியாக மின்சாரம் செலுத்திப் பிரிப்பது. எதிர்மின்வாயில் உலோகம் சேரும், நேர்மின்வாயில் ஆக்ஸிஜன் குமிழியிடும்.

இந்தத் துறைக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் நம் ஊரில் இருக்கிறது. சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தாலும் 15 லட்சம் ரூபாயாலும். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று திறப்பு. உப்புக் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க, மண்டபம் என்ற கடலோர ஊரில் அதற்கு ஒரு சோதனைக் களமும் உண்டு. பக்கத்திலேயே 1914-ல் கட்டிய பழைய பாம்பன் பாலம் அந்தக் காற்றோடு நூறு வருஷத்துக்கு மேல் போராடி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது. வேற்றுக்கோளில் ஊர் அமைக்க எந்தப் படிப்பு வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ராக்கெட் படிப்பை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். துருவையும் மின்வாயையும் பற்றிப் படித்தவர் இல்லாமல் அந்த ஊர் ஒரு மாதம் தாங்காது.

500 பேர் உள்ள ஊருக்குக் கணக்குப் போடுவோம்.

1. ஒரு நாள் ஆக்ஸிஜன்: 500 பெருக்கல் 0.84, அதாவது 420 கிலோ.
2. இரும்பு ஆக்சைடில் எடைக்கு 30 சதவீதம் ஆக்ஸிஜன். எனவே நாளுக்கு 1,400 கிலோ தாது வேண்டும்.
3. மிச்சம் விழும் இரும்பு 980 கிலோ. கிட்டத்தட்ட ஒரு டன்.
4. மின்சாரம்: 1 கிலோ ஆக்ஸிஜனைப் பிரிக்கக் குறைந்தபட்சம் 5 யூனிட். உருக்கும் சூட்டில் ஆகும் நஷ்டத்தையும் சேர்த்து 10 யூனிட் என்று வைத்தால், நாளுக்கு 4,200 யூனிட். தமிழ்நாட்டில் 2016-ல் அறிவித்தபடி ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் 100 யூனிட். அப்படி 42 வீட்டுக்கு இரண்டு மாதம் வருவது இங்கே ஒரே நாளில் காலி.

மூன்றாவது வரியை இன்னொரு முறை படியுங்கள். அடுப்பில் சாம்பல் சேருவதுபோல, ஊர் மூச்சு விடுவதன் கழிவாக நாளுக்கு ஒரு டன் இரும்பு சேருகிறது. செடிகளும் கருவிகளும் காற்றைத் திருப்பிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தால் இது குறையும். ஆனாலும் கசிவுக்கும் துருவுக்கும் ஈடுகட்ட உலை நிற்காமல் எரிய வேண்டும்.

செவ்வாயில் இதற்கு ஒரு சின்ன முன்னோட்டம் நடந்திருக்கிறது. பெர்சவரன்ஸ் ஊர்தியில் போன மாக்ஸி என்ற கருவி, 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, அங்குள்ள கார்பன் டைஆக்சைடிலிருந்து மொத்தம் 122 கிராம் ஆக்ஸிஜன் எடுத்தது. ஒரு ஆளுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு வரும். நம்பிக்கை தரும் வேலைதான்; ஆனால் 420 கிலோ எங்கே, 122 கிராம் எங்கே.

உருக்கிய பாறையில் செய்யும்போது பெரிய தலைவலி நேர்மின்வாய். பூமியில் அலுமினியம் எடுக்கும் ஆலைகளில் அது கார்பனால் ஆனது. வெளிவரும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கார்பன் எரிந்து கார்பன் டைஆக்சைடாகப் போய்விடும். நமக்கு வேண்டிய ஆக்ஸிஜனும் போச்சு, கரும்பொன்னில் அரிதான கார்பனும் போச்சு. அந்தச் சூட்டில் எரியாமலும் கரையாமலும் நிற்கும் உலோகம் வேண்டும். இரிடியம் அப்படி ஒன்று. பூமியின் மேலோட்டில் மிக அரிது. இரும்பு விண்கற்களில் அதைவிடப் பல மடங்கு அதிகம். உலோகச் சமவெளியால் குடியேறியவர்களுக்கு நேரடியாகக் கிடைக்கும் பெரிய நன்மை என்று நான் கருதுவது இதைத்தான்.

தண்ணீர், மண்

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஆகவே கூரை நான்கு பக்கமும் முற்றத்தை நோக்கிச் சரிகிறது. ஊர் நடுவே ஊருணி. குடிக்கிற ஊருணியில் யாரும் கால் கழுவுவதில்லை. ஊரின் வடிவத்தை மழைநீர் தீர்மானித்த இடம் இது. கரும்பொன்னில் மழையே இல்லை. துருவப் பள்ளங்களில் உறைந்த பனி இருந்தால் அதன் ஓரத்தில்தான் ஊர் அமையும், தாது எங்கே கொட்டிக் கிடந்தாலும் சரி.

மண் இன்னும் சிக்கல். இரும்பு ஆக்சைடு மிகுந்த மண் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. செம்மண்ணில் விவசாயம் செய்கிறவர்களுக்கு இது பழகிய பாடு. உரம் போட்டும் பயிர் ஏமாந்து நிற்கும். தொழுவுரம், இலைதழை போட்டுத்தான் சரிக்கட்டுகிறார்கள். கரும்பொன் மண்ணில் இலை ஒன்றுகூட மக்கியதில்லை. முதல் கைப்பிடி மக்கு பூமியிலிருந்துதான் போக வேண்டும்.

அந்த இரும்பை விற்க முடியுமா

ஒரு கிலோ பொருளை நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் எறிய, எந்த நஷ்டமும் இல்லாவிட்டாலும், 60 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். பூமியில் தாதுவிலிருந்து ஒரு கிலோ எஃகு செய்ய ஆவதோ சுமார் 20 மெகாஜூல். செய்வதைப்போல் மூன்று மடங்கு செலவு தூக்கி அனுப்புவதற்கே. அப்புறம் பயணம். கரும்பொன் மாதிரிக் கோள் வேறொரு விண்மீனைச் சுற்றித்தான் இருக்க முடியும். நமக்கு அடுத்த விண்மீனே 4.24 ஒளியாண்டு தூரம். வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில் போனால் 70,000 வருஷத்துக்கு மேல்.

போய்ச் சேர்ந்தாலும் விலை நிற்காது. 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்கு அலுமினியக் கூம்பு வைத்தார்கள், அவ்வளவு அரிய உலோகம் அன்று. 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியாக அலுமினியத்தைப் பிரிக்க மின்னாற்பகுப்பு வழியைக் கண்டார்கள். சில பத்தாண்டுகளில் அது சமையல் பாத்திரமாயிற்று.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் வரலாறு இந்த இடத்தில் உதவுகிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் முதலீடு, கடனாகவும் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டாகவும் கடல் தாண்டியது. காகிதத்துக்குக் கனம் இல்லை. மூன்று வருஷக் கணக்கு முடித்து ஆள் திரும்புவார். 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் கீழ் பர்மாவின் வயல்கள் கைக்கு வந்தபோதுதான் சங்கடம் தொடங்கியது. நிலத்தைக் கப்பலில் ஏற்ற முடியாது. போர் வந்தது, 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டமும் வந்தது. பெரும்பகுதி அங்கேயே போயிற்று. கரும்பொன்னின் இரும்பும் அந்த வயல் மாதிரிதான். இருக்கும் இடத்தில் மட்டுமே சொத்து.

ஆகவே அங்கே விலை வேறு மாதிரி அமையும். செட்டிநாட்டு வீட்டு வளவில் இரும்புத் தூணும் பர்மாத் தேக்கும் கப்பலேறி வந்தவை; இரண்டையும் பெருமையாகக் காட்டுவோம். கரும்பொன்னில் இரும்புத் தூண் உலைக் கழிவு; யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு தேக்குக் கதவு இருந்தால் அதுதான் அந்த ஊரிலேயே பெரிய சொத்து. அது கார்பன், ஆக்ஸிஜன், ஹைட்ரஜன், கொஞ்சம் நைட்ரஜன், கைப்பிடிச் சாம்பல்சத்து. உளுத்துப்போன நாளில் அதை யாரும் எரிக்க மாட்டார்கள். இழைத்துப் பொடியாக்கி, எடை போட்டு, பேரேட்டில் வரவு வைத்து, மண் தொட்டியில் கொட்டுவார்கள்.